ஆர்ட்டிஸ்ட் புக் பண்ணிப் பாக்கலாமா? ஒரே ஒரு ஏ4 தாள்ல ஆரம்பிக்கிறவங்களுக்கு

"ஆர்ட்டிஸ்ட் புக்குன்னா ஓவியரோட படமெல்லாம் பளபளன்னு பிரிண்ட் பண்ணி டீப்பாய் மேல வைப்பாங்களே, அதுதானே?" இந்தக் கேள்வி வராத மாசமே இல்ல. அது இல்லீங்க. அது ஓவியரைப் பத்தின புக்கு. நான் சொல்றது புக்கே படைப்பா இருக்கற விஷயம். ஒருத்தர் களிமண்ணை எடுக்கறாரு, இன்னொருத்தர் கான்வாஸை எடுக்கறாரு, இவங்க புக்கை எடுத்துக்கறாங்க, தாளு, மடிப்பு, தையல், எந்தப் பக்கத்துக்கு அப்புறம் எது வருது, புரட்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆகுது, கையில எவ்ளோ கனம், எல்லாமே அவங்களுக்கு மெட்டீரியல்தான்.

நான் வச்சிருக்கற டெஸ்ட்டு ரொம்ப சிம்பிள். அந்த புக்கை ஸ்கேன் பண்ணி பி.டி.எஃப்பா வாட்ஸப்புல அனுப்பினா என்ன காணாம போகுது? ஒண்ணுமே போகலைன்னா அது நல்ல புக்காவே இருக்கலாம், ஆனா ஆர்ட்டிஸ்ட் புக்குன்னு சொல்ல நான் யோசிப்பேன். பாதி போயிடுச்சுன்னா அங்க ஏதோ நடந்திருக்கு. இந்த டெஸ்ட்டுல ஒரு ஓட்டை இருக்கு, அதை கட்டுரை முடியறப்ப சொல்றேன், இப்போதைக்கு இது போதும்.

பண்றதுக்கு முன்னாடி நாலு புக்கைப் பாத்துடுங்க

எல்லாரும் ஆரம்பிக்கற இடம் எட் ரூஷேங்கற அமெரிக்க ஓவியர். 1963ல அமெரிக்காவுல அவரு ஒரு சின்ன புக்கு போட்டாரு, உள்ள 26 பெட்ரோல் பங்க்கோட கறுப்பு வெள்ளை போட்டோ, பக்கத்துல எந்த ஊர்ங்கற பேரு, முடிஞ்சுது. லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஓக்லஹோமா சிட்டிக்கும் நடுவுல ரூட் 66ங்கற நெடுஞ்சாலையில அவரு போய்ட்டு வர்ற வழியில இருக்கற பங்க்கு. கவிதை கிடையாது, விளக்கம் கிடையாது, போட்டோ கூட சுமாராத்தான் இருக்கும், வேணும்னே அப்படி. 400 காப்பி. அமெரிக்காவோட காங்கிரஸ் லைப்ரரிக்கு ஒண்ணு அனுப்பினாரு, 1963 அக்டோபர் 2 அன்னிக்கு வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மனுஷன் அழலை. அடுத்த வருஷம் ஆர்ட்ஃபோரம் பத்திரிகையில "காங்கிரஸ் லைப்ரரி நிராகரிச்சது"ன்னு பெருசா போட்டு அதையே விளம்பரம் ஆக்கிட்டாரு. 1966ல வந்த இன்னொரு புக்குல சன்செட் ஸ்ட்ரிப்னு ஒரு தெரு, ரெண்டு சைடுலயும் இருக்கற அத்தனை கட்டடத்தையும் எடுத்து ஒரே நீளத் தாளா ஒட்டி விசிறி மாதிரி மடிச்சிருப்பாரு, பிரிச்சா ஏறத்தாழ 25 அடி வரும். ஒரு சைடு கட்டடம் மேல நேரா இருக்கும், எதிர் சைடு கீழ தலைகீழா இருக்கும், நடுவுல வெள்ளையா விட்ட எடம்தான் ரோடு. நீங்க புரட்டலை, நடக்கறீங்க. இதை பி.டி.எஃப்ல பாத்தா என்ன மிஞ்சும் சொல்லுங்க.

ஆனா நம்மாளுங்களுக்கு நான் மொதல்ல காட்டறது ரூஷே இல்ல, யாழ்ப்பாணத்து ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன். 2011ல ரேக்கிங் லீவ்ஸ்னு ஒரு பதிப்பகம் அவரோட ஒரு புக்கை கொண்டு வந்துச்சு, ஷர்மினி பெரெய்ரா ஆரம்பிச்ச பதிப்பகம். தலைப்புலயே "தோம்பு" இருக்கும், அதாவது முழுமையடையாத தோம்பு. தோம்புன்னா போர்த்துக்கீசர், டச்சுக்காரங்க காலத்துல இருந்து வந்த நிலப் பதிவேடு, யாரோட காணி எதுன்னு எழுதி வச்சது. சனாதனன் என்ன பண்ணாருன்னா, போர்ல வீடு வாசலை விட்டு ஓடின தமிழ், முஸ்லிம் ஜனங்க கிட்ட போயி உங்க வீட்டை ஞாபகத்துல இருந்து வரைஞ்சு குடுங்கன்னு கேட்டாரு. அவங்க பேனாவால கோணல்மாணலா ஒரு தரை பிளான் போடறாங்க, கிணறு இங்க, பலா மரம் அங்க, அம்மா ரூம் இதுன்னு. அதையே கட்டடக்கலை டிராயிங் மாதிரி அளவோட திருப்பி வரையறாங்க. மூணாவதா சனாதனன் அந்தக் கதைக்கு தன்னோட பேஸ்டல் ஓவியம் ஒண்ணு வைக்கறாரு. வீடு வீடா இதே மாதிரி போகும். ஒவ்வொரு தடவையும் நீங்க தாளைப் புரட்டறப்ப ஒரு வீடு ஞாபகத்துல இருந்து ஆபீஸ் ஃபைலுக்குப் போயி அங்க இருந்து வேற எங்கயோ போகுது. சுவத்துல மாட்டற கண்காட்சியா இதே படங்கள் இருந்தா நீங்க அஞ்சு நிமிஷத்துல நகர்ந்துடுவீங்க, பதிவேடு வடிவத்துல இருக்கறதால ஒவ்வொரு பதிவா பாத்தே ஆகணும், அதுல ஒரு சர்க்காரு ஆபீஸ் க்யூவோட சலிப்பும் இருக்கு, துக்கமும் இருக்கு. வடிவம் பேசுதுன்னு சும்மா சொல்றாங்களே, அதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே பதிப்பகம் 2008ல போட்ட இன்னொண்ணும் பாக்கலாம், இலங்கையில நாலு ஓவியர்கள், சனாதனனும் அதுல ஒருத்தர், 2005 மே மாசத்துல இருந்து 2007 அக்டோபர் வரைக்கும் ஒருத்தருக்கு ஒருத்தர் தபால்ல படம் அனுப்பி, வந்த படத்துக்குப் பதில் படம் போட்டு, மொத்தம் 208 படம். தலைப்புல ஒரு வருஷம்னு இருக்கும், ஆனது ரெண்டு வருஷத்துக்கு மேல. போர் திரும்ப ஆரம்பிச்ச நேரம், தபால் அப்படித்தான் வரும்.

சென்னையில இருக்கறவங்க திருவான்மியூர்ல தாரா புக்ஸோட புக் பில்டிங்குக்குப் போங்க. 1994ல கீதா வுல்ஃப் ஆரம்பிச்ச பதிப்பகம். 2006ல அவங்க போட்ட மரங்களோட ராத்திரி வாழ்க்கை பத்தின புக்கு, கறுப்பு ஹேண்ட்மேட் பேப்பர்ல மூணு கோண்ட் பழங்குடி ஓவியர்களோட படத்தை ஒவ்வொரு கலரா கையால ஸ்க்ரீன் பிரிண்ட் பண்ணி கையாலயே தைச்சது, காப்பிக்கு காப்பி நம்பர் போட்டிருக்கும். மூக்குக்கிட்ட கொண்டு போனா இங்க் வாசனை வரும், தடவினா கலர் மேடா தெரியும். இது ஆர்ட்டிஸ்ட் புக்கா இல்ல அழகான கைவேலை படப் புத்தகமான்னு ரெண்டு கட்சி இருக்கு. என்னைக் கேட்டா எல்லைக்கோட்டுல உக்காந்திருக்குன்னு சொல்லுவேன். எல்லையில இருக்கறதுதான் புதுசா வர்றவங்களுக்கு நல்லா சொல்லிக் குடுக்கும்.

போட்டோகிராஃபர் தயாநிதா சிங்கோடதும் பாருங்க, 2008ல ஏழு குட்டி விசிறி மடிப்பு புக்கு ஒரே பெட்டியில. பிரிச்சு மேஜையில நிக்க வச்சா அதுவே ஒரு சின்ன கேலரி. கொல்கத்தாவுல ஒரு நகைக்கடை ஷோகேஸ்ல அதை அப்படியே நிக்க வச்சாங்க, கேலரிக்கு யாரும் வர வேண்டாம், ரோட்டுல போறவங்க பாத்துட்டுப் போலாம்.

கையில எடுத்துப் பாக்க கிடைச்சா, அதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்காதீங்க முதல்ல. மூடின நிலையில எப்படி இருக்கு, எந்தப் பக்கம் திறக்கச் சொல்லுது, தாளு கனமா மெலிசா, அடுத்த பக்கம் பின்னாடி இருந்து தெரியுதா, எங்க உங்க கை தானா நின்னுச்சு, எங்க வேகமா புரட்டினீங்க, இதை ஒரு நோட்டுல எழுதி வைங்க. அப்புறமா படிங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்ச புக்கை நான் பாதி பாத்ததாத்தான் கணக்கு வைப்பேன், திறந்து வச்ச ரெண்டு பக்கத்தைத் தவிர மத்ததெல்லாம் மூடித்தானே கிடக்கு.

முதல் புக்கு: ஒரு தாளு, ஒரு வெட்டு, எட்டு பக்கம்

இனி கை வேலை. ஒரு ஏ4 தாளு, ஜெராக்ஸ் கடையில இருக்கற சாதா 70 இல்ல 75 ஜி.எஸ்.எம் (தாளோட கனத்துக்கு ஒரு அளவு) போதும். ஒரு கத்தரி. தையலும் வேணாம், பசையும் வேணாம்.

தாளை படுக்கை வசமா வைங்க. நீள வாக்குல ஒரு மடிப்பு, பிரிச்சுடுங்க. அகல வாக்குல பாதியா மடிங்க, அதையே திரும்ப பாதியா, பிரிச்சா மேல நாலு கட்டம் கீழ நாலு கட்டம், மொத்தம் எட்டு. இப்ப தாளை குறுக்கால பாதியா மடிச்சுக்கிட்டு, மடிப்பு இருக்கற பக்கத்துல இருந்து நடுக்கோட்டு மேலயே ஒரு கட்டம் தூரம் மட்டும் வெட்டுங்க. பிரிச்சா நட்ட நடுவுல ரெண்டு கட்டம் நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும், ரெண்டு ஓரமும் வெட்டாம முழுசா இருக்கணும், ஓரம் வரைக்கும் வெட்டினீங்கன்னா தாளு ரெண்டாப் போயிடும், எல்லாரும் ஒரு தடவை பண்ணுவாங்க. அப்புறம் தாளை நீள வாக்குல மடிச்சு, ரெண்டு முனையையும் புடிச்சு உள்ள தள்ளுங்க, நடுக்கீறல் வாய் திறந்து மேல இருந்து பாத்தா கூட்டல் குறி மாதிரி வரும், அதை ஒரு பக்கமா சாய்ச்சு மடிச்சா புக்கு ரெடி.

எந்தக் கட்டத்துல எந்தப் பக்கம் வரும்னு மனப்பாடம் பண்ணாதீங்க. புக்கா மடிச்சு வச்சு பென்சிலால 1, 2, 3ன்னு மூலையில எழுதி, அப்புறம் பிரிச்சுப் பாருங்க, மேல் வரிசை தலைகீழா இருக்கும், கீழ் வரிசை நேரா இருக்கும். இதுதான் உங்க டம்மி. வேலை முடியற வரைக்கும் பக்கத்துலயே வச்சுக்கோங்க. நான் முதல் தடவை டம்மி இல்லாம "தெரியும்டா"ன்னு நேரா வரைஞ்சு முப்பது ஜெராக்ஸ் எடுத்துட்டு வீட்டுக்கு வந்து மடிச்சா மூணாம் பக்கத்துல ஆளு தலைகீழா நிக்கறாரு. முப்பதும். என் தங்கச்சி அதுல மளிகை லிஸ்ட் எழுதி தீர்த்தா.

ரெண்டு விஷயம் கவனிச்சுக்கோங்க. ஜெராக்ஸ் மெஷின் தாளோட ஓரம் வரைக்கும் அடிக்காது, சுத்தி ஒரு அஞ்சு மில்லிமீட்டர் வெள்ளையா விட்டுடும், முக்கியமானதை ஓரத்துல வைக்காதீங்க, இல்ல அந்த வெள்ளை ஓரத்தையே டிசைன் ஆக்கிக்கோங்க. இன்னொண்ணு தமிழ் எழுத்து. ஒரு பக்கம் 74க்கு 105 மில்லிமீட்டர்தான், நம்ம எழுத்து அகலம், அதுவும் ணை ளை னௌன்னு வந்தா இடத்தை சாப்பிட்டுடும், ஒரு பக்கத்துக்கு பதினஞ்சு இருபது வார்த்தைக்கு மேல வைக்காதீங்க. கையெழுத்துல எழுதறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

உள்ள என்ன வைக்கறது? இங்கதான் புதுசா வர்றவங்க மாட்டிக்கறாங்க, இருக்கற எட்டு படத்தை எடுத்து எட்டு பக்கத்துல ஒட்டிடறாங்க. அது ஆல்பம். எட்டு பக்கத்துல ஏதாவது நகரணும், இல்ல நகராம அடம் பிடிக்கணும். உதாரணத்துக்கு ஒரு பஸ் ஸ்டாப்பை எடுத்துக்கோங்க, காலையில ஆறு மணில இருந்து ஒவ்வொரு மணிக்கும் அதே இடத்துல நின்னு அதே பெஞ்சை மட்டும் வரையுங்க. யாரு உக்காந்திருக்காங்கன்னு மட்டும் மாறும். இல்லன்னா ஒரு சாவியைத் தேடற கதை, ஒவ்வொரு பக்கமும் ஒரு பையைத் திறக்கற மாதிரி. ஒண்ணு யோசிங்க, இந்த மடிப்புல தாளோட பின்பக்கம் முழுசா காலியா ஒளிஞ்சிருக்கு, புக்கைப் பிரிச்சாத்தான் தெரியும். அங்க ஒரு பெரிய படத்தை வச்சா, படிச்சு முடிச்சவங்க புக்கை உடைச்சாத்தான் அதைப் பாக்க முடியும். உடைக்கலாமா வேணாமான்னு அவங்க யோசிக்கற அந்த அரை நிமிஷம் இருக்கே, அதை எந்த ஸ்க்ரீனும் குடுக்காது.

ரெண்டாவது: மூணு ஓட்டைத் தையல்

நாலஞ்சு ஒரு தாள் புக்கு பண்ணதுக்கு அப்புறம் தைக்க ஆரம்பிங்க. பேப்பர் நாலு இல்ல அஞ்சு ஷீட்டு, பாதியா மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுங்க, மேல கொஞ்சம் கனமான தாளு அட்டையா. பக்கம் எப்பவும் நாலோட பெருக்கலாத்தான் வரும், 16, 20ன்னு, 18 பக்கம் புக்கு வேணும்னு அடம் பிடிக்காதீங்க. ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுக்கறப்ப ஷார்ட் எட்ஜ்ல திருப்பச் சொல்லுங்க, இல்லன்னா பின்பக்கமெல்லாம் தலைகீழா வரும், கடைக்காரரு உங்களைத்தான் திட்டுவாரு.

நடு மடிப்புல மூணு ஓட்டை, ஒண்ணு நடுவுல, மத்தது மேலயும் கீழயும் ஒரு ரெண்டு சென்டிமீட்டர் விட்டு. ஓட்டை போட பைண்டிங் கடையில குத்தூசி வச்சிருப்பாங்க, வீட்டுல கோணி ஊசி போதும், கீழ பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி தடியா ஏதாவது வச்சுக்கோங்க. நூலு புக்கு உயரத்துக்கு மூணு மடங்கு. மெழுகுவர்த்தியில ரெண்டு தடவை இழுத்தா சிக்காது. உள்பக்கம் நடு ஓட்டையில இருந்து வெளிய போங்க, வால் ஒரு விரல் நீளம் உள்ளயே விட்டுடுங்க. வெளிய இருந்து மேல் ஓட்டை வழியா உள்ள வாங்க. உள்பக்கமாவே நடுவைத் தாண்டி நேரா கீழ் ஓட்டைக்குப் போயி வெளிய வாங்க. வெளிய இருந்து திரும்ப நடு ஓட்டையில உள்ள வாங்க. இப்ப ரெண்டு முனையும் உள்ள நடுவுல இருக்கும், நீளமா ஓடற நூலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணா இருக்கணும், அதை உள்ள வச்சு முடிச்சு போட்டுடுங்க. அவ்ளோதான், பள்ளிக்கூட நோட்டுல பின்னு அடிக்கற எடத்துல உங்க நூலு.

நூலை இழுக்கறப்ப மடிப்புக்கு நேரா, தாளோட போக்குல இழுங்க. தாளுக்கு எதிரா இழுத்தா ஓட்டை கிழியும்.

தாளோட நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒரு விஷயம் இருக்கு, கிரெய்னுன்னு சொல்லுவாங்க. தாளை மடிக்காம லேசா வளைச்சுப் பாருங்க, ஒரு பக்கம் சுலபமா வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமா வளையற பக்கம்தான் மடிப்பு வரணும். கடையில வாங்கற ஏ4 பெரும்பாலும் நீள வாக்குல நார் ஓடற தாளு, அதைப் பாதியா மடிச்சா நாருக்குக் குறுக்கதான் மடியும், அதனாலதான் உங்க புக்கு மூட மாட்டேன்னு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. பெரிய ஷீட்டா வாங்கி நீங்களே வெட்டிக்கிட்டா இந்தத் தொல்லை இல்ல. சென்னையில பாரிமுனை பக்கம் ஆண்டர்சன் தெருவுக்குப் போனா பேப்பர் கடைதான் வரிசையா, கல்யாணப் பத்திரிகை அட்டையில இருந்து பிரவுன் ஷீட்டு வரைக்கும், கிரெய்ன் எந்தப் பக்கம்னு அவங்க கிட்டயே கேளுங்க, தடவிப் பாத்தே சொல்ற ஆளுங்க இருக்காங்க.

பசையைப் பத்தி ரெண்டு வரி. வெறும் ஃபெவிகாலை தாராளமா தடவினா தாளு அலை அலையா எழும்பிடும், என் முதல் கெட்டி அட்டை புக்கு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. பழைய பைண்டருங்க மைதாப் பசைதான் காய்ச்சுவாங்க, ஒரு பங்கு மைதாவுக்கு அஞ்சு பங்கு தண்ணி, சின்னத் தீயில கட்டி தட்டாம கிண்டி, கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்கி ஆற வைக்கறது. பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடற வழக்கம் இருக்கு, அது விஷம், வீட்டுல குழந்தைங்க இருந்தா அதை விட்டுடுங்க, பசையை அன்னன்னிக்கு காய்ச்சிக்கோங்க. மெலிசா தடவுங்க, மேல வெயிட்டு வச்சு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. பொறுமை இல்லாதவங்க ஒட்டவே ஒட்டாத புக்கா பண்ணிட்டுப் போலாம், தப்பே இல்ல.

மூணாவது: விசிறி மடிப்பு, கொஞ்சம் தமிழ் விஷமம்

நீளத் தாளை முன்னும் பின்னுமா மடிக்கறது. பாக்க சுலபம், ஆனா நீளமா போகப் போக ஒரு மில்லிமீட்டர் பிசகினது பத்தாவது மடிப்புல ஒரு சென்டிமீட்டரா நிக்கும். ஒவ்வொண்ணா அளந்து மடிக்காதீங்க, முழுத் தாளை பாதி, பாதியோட பாதின்னு மடிச்சு அப்புறம் திசையை மாத்துங்க. மடிப்பை அழுத்த ஐஸ் குச்சி, இல்ல ஸ்பூனோட பின்பக்கம்.

1913ல பாரிஸ்ல ப்ளேஸ் சாந்த்ராரோட ரயில் பயணக் கவிதையை சோனியா தெலோனே கலர்ல ஓட விட்டு ரெண்டு மீட்டர் நீள மடிப்புத் தாளா பண்ணாங்க. 150 காப்பி போட்டு ஒண்ணு மேல ஒண்ணு நீட்டினா ஈஃபில் டவர் உயரம் வரும்னு கணக்கு. அத்தனையும் பண்ணி முடிக்கலை, ஆனா ஐடியா பாருங்க, ரயில் போற கவிதைக்கு ரயில் மாதிரியே ஒரு தாளு.

நமக்கு வேற ஒரு சொத்து இருக்கு. மாலைமாற்று. சம்பந்தர் பாடினாரே, "யாமாமாநீ யாமாமா"ன்னு, கடைசி எழுத்துல இருந்து திருப்பிப் படிச்சாலும் அதே பாட்டு வரும். இதை ஒரு பக்கத்துக்கு ஒரு எழுத்தா விசிறி மடிப்புல வச்சுப் பாருங்க, முன்னாடி இருந்து புரட்டினாலும் பின்னாடி இருந்து புரட்டினாலும் ஒரே பாட்டு, எது முன் அட்டை எது பின் அட்டைன்னே கிடையாது. நான் இன்னும் பண்ணலை, சோம்பேறித்தனம், யாராவது பண்ணா காட்டுங்க. ரத பந்தம், நாக பந்தம்னு பாட்டோட எழுத்தை தேர், பாம்பு மாதிரி படத்துக்குள்ள அடுக்கற சித்திரக்கவி வகையறா முழுக்க இந்த மாதிரி வேலைக்கே எழுதி வச்ச மாதிரி இருக்கு. ஓலைச்சுவடியும் அப்படித்தான், ஓட்டையும் கயிறும் மட்டும்தான் பைண்டிங், கயிறு அறுந்தா ஏடு கலைஞ்சு வரிசை போச்சு. வரிசை எவ்ளோ பலவீனமானதுன்னு காட்டறதுக்கு அதை விட நல்ல ஃபார்ம் எனக்குத் தெரியலை. ஆனா சும்மா அழகுக்காக ஐஸ் குச்சியில ஓட்டை போட்டு ஓலைச்சுவடி மாதிரி பண்றதை தயவு செஞ்சு விட்டுடுங்க, அது ரிசப்ஷன் கிஃப்ட்டு.

பழைய புக்கையே எடுத்து மேல வேலை பண்றதும் ஒரு வழி. டாம் ஃபிலிப்ஸ்னு ஒரு ஓவியர் 1966ல லண்டன்ல மூணு பென்ஸுக்கு ஒரு பழைய நாவலை வாங்கி, ஒவ்வொரு பக்கத்துலயும் சில வார்த்தையை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை மேல வரைஞ்சு மூடினாரு. ஐம்பது வருஷம், 2016ல கடைசிப் பதிப்பு. உங்க ஊரு பழைய பேப்பர் கடையில கிலோ கணக்குல கிடைக்கற நாவல் ஒண்ணை எடுத்து பத்து பக்கம் பண்ணிப் பாருங்க. அந்த நாவலுக்கு காப்புரிமை இன்னும் இருந்தா, விக்கறதுன்னா உரிமைக்காரங்களைக் கேட்டுக்கோங்க.

நம்பரு, கடைசிப் பக்கம், விலை

கடைசிப் பக்கத்துல சின்னதா எழுதிடுங்க: உங்க பேரு, வருஷம், ஊரு, என்ன தாளு, எப்படி அடிச்சது, எத்தனை காப்பி. இது பந்தாவுக்கு இல்ல, இருபது வருஷம் கழிச்சு ஒருத்தர் கையில கிடைச்சா அவருக்கு இருக்கற ஒரே துப்பு அதுதான். பக்கத்துக்கு நம்பர் போடறீங்களோ இல்லையோ இதைப் போடுங்க.

காப்பிக்கு நம்பர், அதாவது 3/25ன்னு போடணுமா? போட்டா இருபத்தஞ்சோட நிறுத்தறேன்னு வாக்கு குடுக்கறீங்க. ரூஷே முதல் 400க்கு நம்பர் போட்டுட்டு அது தப்புன்னு அப்புறம் அவரே சொன்னாரு, அவருக்கு அரிய பொருள் பண்ற ஆசையே இல்ல, சாதாரண சரக்கு மாதிரி வரணும்ங்கறதுதான். அடுத்த பதிப்பு 1967ல 500, 1969ல 3000, நம்பர் கிடையாது. கூத்து என்னன்னா மலிவா இருக்கணும்னு பண்ண அந்த முதல் பதிப்பு இன்னிக்கு ஏலத்துல பல ஆயிரம் டாலர். என் யோசனை, ஜெராக்ஸ் புக்குக்கு நம்பர் போடாதீங்க. கையால கலர் அடிச்சது, தைச்சு விரல் வீங்கினது, அதுக்குப் போடுங்க.

விலைக்கு தாளு, பிரிண்ட்டு, நூலு, உங்க நேரம் எல்லாம் கூட்டுங்க. எல்லாரும் நேரத்தை விட்டுட்டு "அறுபது ரூபா"ன்னு சொல்லிடறாங்க, அப்புறம் அம்பது காப்பி தைக்கறப்ப அழுகை வருது.

பண்ணா போதாதா, எதுக்கு சண்டை?

இந்தத் துறையில பேச்சு ஜாஸ்தி. ஆங்கிலத்துல அந்தப் பேரை எழுதறப்ப மேல போடற கால்புள்ளி மாதிரி குறியை எங்க போடறது, ஒரு ஆர்ட்டிஸ்ட்டா பல ஆர்ட்டிஸ்ட்டா, போடவே வேணாமான்னு கூட பெரிய விவாதம் ஓடியிருக்கு. தமிழ்ல நமக்கு அந்தத் தலைவலி இல்ல, ஆனா ஒத்துக்கிட்ட பேரும் இல்ல, கலைஞர் புத்தகம்னா சிலருக்கு வேற கலைஞர் ஞாபகத்துக்கு வருவாரு. அதனால நான் ஆர்ட்டிஸ்ட் புக்குன்னே எழுதறேன்.

மூணு பேரை மட்டும் தேடிப் படிங்க, மிச்சம் தானா வரும். உலிசெஸ் கரியோன், மெக்சிகோக்காரர், 1975ல புக்கு பண்ற புதுக் கலைன்னு ஒரு சின்னக் கட்டுரை எழுதினாரு, அதே வருஷம் ஆம்ஸ்டர்டாம்ல இதுக்குன்னே ஒரு கடை போட்டாரு. புக்குங்கறது இடங்களோட வரிசை, ஒவ்வொரு இடத்தையும் வேற வேற நொடியில பாக்கறோம், அதனால அது நொடிகளோட வரிசையும்தான், இதுதான் அவரோட ஆரம்பம். எழுத்தாளர் பனுவல் எழுதறாரு, புக்கு எழுதலைன்னு குத்துவாரு. ரெண்டாவது லூசி லிப்பார்ட், கலை விமர்சகர், 1976ல ஓவியர் சோல் லெவிட்டோட எல்லாம் சேர்ந்து நியூயார்க்ல ஆர்ட்டிஸ்ட் புக்குக்குன்னே பிரின்டட் மேட்டர்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், சூப்பர் மார்க்கெட்லயும் ஏர்போர்ட்லயும் இந்த புக்கெல்லாம் விக்கணும்னு கனவு கண்டவங்க, சில வருஷம் கழிச்சு அது நடக்கலைன்னு அவங்களே சந்தேகப்பட்டு எழுதினாங்க, ரெண்டையும் சேத்துப் படிக்கணும். மூணாவது ஜொஹான்னா ட்ரக்கர், 1995 வாக்குல நூறு வருஷ ஆர்ட்டிஸ்ட் புக்கைப் பத்தி பெரிய வரலாறு எழுதினவங்க. அவங்க இறுக்கமா வரையறை குடுக்க மாட்டாங்க, இது பல வேலைகள் ஒண்ணை ஒண்ணு தொடற ஒரு பரப்புன்னு சொல்லிட்டு ஒவ்வொரு புக்கா பாப்பாங்க. புதுசா எழுதறவங்களுக்கு அந்த முறைதான் நல்லது. பத்திரிகையா வேணும்னா இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருந்து சாரா பாட்மன் கொண்டு வந்த தி ப்ளூ நோட்புக் இருக்கு.

நீங்களும் எழுதுங்க, ஏன்னா தமிழ்ல ஆளே இல்ல. ஒரு புக்கை எடுத்துக்கோங்க. முதல் பாராவுல அபிப்பிராயமே வேணாம், அளவு, பக்கம் எத்தனை, தாளு, தையல், எப்படித் திறக்குதுன்னு கண்ணு தெரியாதவருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. அடுத்து நீங்க புரட்டின வரிசையில என்ன நடந்துச்சுன்னு. அதுக்கு அப்புறம்தான் இது எதுக்கு புக்கா இருக்குங்கற கேள்வி. "மனதைத் தொட்டது"ன்னு எழுதினா நானே வந்து அடிச்சுடுவேன்.

இப்ப அந்த ஓட்டை. என் பி.டி.எஃப் டெஸ்ட்டை வச்சுப் பாத்தா தையலும் ஹேண்ட்மேட் பேப்பரும் இருக்கற எல்லாமே பாஸ் ஆகிடும், உள்ள விஷயமே இல்லாட்டியும். ரூஷேவோட பெட்ரோல் பங்க்கு பி.டி.எஃப்ல ஓரளவு தப்பிச்சுடும், ஏன்னா அவரு பிரஸ்ல அடிக்கற சாதா ஆஃப்செட் பிரிண்ட்டைத்தான் வேணும்னு எடுத்தாரு. டீட்டர் ரோத்னு ஒரு ஓவியர் 1961ல இருந்து புக்கையும் பத்திரிகையையும் அரைச்சு, கறிக்குப் பதிலா அதைப் போட்டு, கொழுப்பு மசாலா எல்லாம் சேத்து தொத்திறைச்சியா அடைச்சு வச்சாரு. அதை ஸ்கேன் பண்ணவும் முடியாது, படிக்கவும் முடியாது. அதனால டெஸ்ட்டை உங்க சொந்த வேலைக்கு மட்டும் வச்சுக்கோங்க, அடுத்தவங்க புக்கை ஒதுக்கறதுக்கு எடுக்காதீங்க.

அப்புறம் எல்லா காப்பியையும் குடுத்துடாதீங்க. ரெண்டு எடுத்து பாலிதீன் இல்லாம பேப்பர் கவர்ல போட்டு, வேப்பிலையோ வசம்போ ஒரு துண்டு வச்சு, சுவத்துல ஒட்டாத அலமாரியில வைங்க. என் முதல் தையல் புக்கு இருபது காப்பி போட்டேன், இருபதும் ஃப்ரெண்ட்ஸுக்குப் போச்சு, இன்னிக்கு என் கிட்ட இருக்கறது பென்சில்ல நம்பர் போட்ட அந்த டம்மி மட்டும்தான்.